மார்கரெட் தீவை ஓடிச் சுற்றுதல்: புடாபெஸ்டின் ஆற்றங்கரை ஓட்டப்பாதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டின் நடுவே டான்யூப் வடக்கிலிருந்து தெற்காகப் பாய்கிறது. அந்த ஆற்றுக்குள் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் அரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்டு கிடப்பது மார்கரெட் தீவு. தீவு முழுவதுமே பொதுப் பூங்காதான். அதன் விளிம்பை ஒட்டி, கரையோரமாகவே ஒரு சுற்று வந்து தொடங்கிய இடத்தில் முடியும் ஓட்டப்பாதை ஒன்று அமைந்துள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 5.3 கிலோமீட்டர். தளம் மேடு பள்ளமின்றி, ரப்பர் கலந்த மென்பூச்சுடன் இருக்கிறது. வழியில் சாலைச் சந்திப்பிலோ சிக்னலிலோ காத்து நிற்க வேண்டியதில்லை. ஒரு பெருநகரின் மையத்தில் இத்தகைய பாதை அமைவது அரிது என்பதால், அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். படிக்கவோ பணிக்காகவோ அந்நகருக்குச் சென்றிருப்பவர்களுக்கும், சில நாள் பயணத்தில் ஒரு காலைப்பொழுதை ஓட்டத்துக்கு ஒதுக்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் தீவின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

வரைபடத்தில் தீவு ஒரு நீண்ட படகைப் போலத் தெரியும். தென்முனையில் மார்கரெட் பாலம், வடமுனையில் ஆர்பாட் பாலம், கிழக்கே பெஸ்ட் பக்கத்துச் சமவெளி, மேற்கே புடா பக்கத்துக் குன்றுகள் என்ற நான்கு அடையாளங்களும் நினைவில் இருந்தால் போதும், பாதையில் எந்த இடத்தில் நின்றாலும் திசை குழம்பாது. இடைக்காலத்தில் இது முயல் தீவு என்று அழைக்கப்பட்டது. மங்கோலியப் படையெடுப்பு நீங்கினால் தன் மகளை இறைப்பணிக்கு அளிப்பதாக நேர்ந்துகொண்ட மன்னர் நான்காம் பேலா, அவ்வாறே மகள் மார்கரெட்டை இத்தீவின் கன்னியர் மடத்தில் சேர்த்தார் என்பது வரலாறு. இன்றைய பெயர் அவரிடமிருந்தே வந்தது. இன்று காணும் ஒற்றைத் தீவும் 19ஆம் நூற்றாண்டில் ஆற்றைச் சீர்ப்படுத்தியபோது அடுத்தடுத்துக் கிடந்த சிறு தீவுகளை இணைத்து உருவாக்கப்பட்டதே. நகர நிர்வாகம் அதை விலைக்கு வாங்கிப் பொதுப் பூங்காவாக்கியது 1908இல்.

ஓடுபவருக்கு இந்த அமைப்பில் முக்கியமானது தீவின் ஒடுக்கம். வெளிவட்டம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும், குறுக்கே எங்கு வெட்டினாலும் அரைக் கிலோமீட்டருக்குள் எதிர்க்கரையை அடைந்துவிடலாம். நடுவே செல்லும் சாலையில் 26ஆம் எண் பேருந்தும் ஓடுகிறது. எனவே, பாதி வழியில் களைத்துப்போனால் என்ன செய்வது என்று புதியவர்கள் இங்கே அஞ்ச வேண்டியதில்லை. நீண்ட நேர்ப்பாதை ஒன்றில் ஓடினால் சென்ற தொலைவு முழுவதையும் திரும்பி வந்தாக வேண்டும். இங்கே சுற்றை விருப்பம்போல் சுருக்கிக்கொள்ளலாம்.

நாளும் வேளையும்

இந்தப் பாதையில் ஓட்டம் இனிமையாவதும் கசப்பதும் பெரும்பாலும் எந்த வேளையில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜூனில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே எழுந்து இரவு எட்டே முக்கால் அளவில் மறைகிறது. டிசம்பரிலோ காலை ஏழரை மணிக்குத்தான் விடிகிறது, மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வளர்ந்த நமக்கு இந்த வேறுபாடு பழக்கமில்லாதது. ‘அலுவலகம் முடிந்து ஓடலாம்’ என்று நவம்பரில் போடும் திட்டம் முழு இருளில்தான் நிறைவேறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கோடையில் காலை ஆறிலிருந்து எட்டு வரை சிறந்த வேளை. அப்போது பாதையில் உள்ளூர் ஓட்டக்காரர்கள் மட்டுமே இருப்பார்கள். பதினோரு மணிக்குமேல் குடும்பங்களும், வாடகை மிதிவண்டிகளும், நால்வர் அமர்ந்து மிதிக்கும் கூரை வண்டிகளும் தீவை நிறைத்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் வெப்ப அலை வந்தால் பகலில் 35 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் வெயிலா என்று தோன்றலாம். ஆனால் வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடல் இழக்கும் நீரின் அளவு நமக்குத் தெரிவதில்லை. இலையுதிர்காலத்தில், குறிப்பாக அக்டோபரில், இந்தப் பாதை மிக அழகாக இருக்கும். ஒரே ஒரு பருவம்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

மூன்று எச்சரிக்கைகளும் உண்டு. முதலாவது வெள்ளம். 2013 ஜூனில் டான்யூப் புடாபெஸ்டில் 891 சென்டிமீட்டர் என்ற வரலாறு காணாத அளவை எட்டியது. 2024 செப்டம்பரிலும் பெருவெள்ளம் வந்து தீவு மூடப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியான ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் கனமழை பெய்த செய்தி வந்தால், சில நாள்களில் இங்கே நீர் உயரும் என்று எதிர்பார்த்து, கிளம்புமுன் நகர நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, குளிர்காலத்தில் காற்றோட்டமின்றிப் புகைமூட்டம் தேங்கும் நாள்கள். காற்று மாசு எச்சரிக்கை விடப்பட்ட நாளில் மூச்சு வாங்க ஓடுவதைத் தவிர்ப்பதே நல்லது. மூன்றாவது, ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை காற்றில் மிகும் ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தம். ஹங்கேரியில் இது பெரிய தொல்லை. தும்மலும் கண் எரிச்சலும் வழக்கமாக உள்ளவர்கள் அந்த வாரங்களில் மருத்துவரின் ஆலோசனையுடன் வெளியே ஓடலாம்.

உடையும் கையில் எடுத்துக்கொள்வதும்

கோடைக்குத் தனியாகச் சொல்ல எதுவுமில்லை. குளிர்காலத்துக்கு ஒரு விதி போதும்: ஓடத் தொடங்கும்போது சற்றுக் குளிர வேண்டும். நின்ற நிலையில் இதமாக இருக்கும் அளவுக்கு அடுக்கடுக்காக அணிந்து புறப்பட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் வியர்த்து நனைந்துவிடும். அந்த ஈரம் ஆற்றுக்காற்றில் பட்டதும் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். உறைநிலையை ஒட்டிய நாளில், வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் செயற்கை இழையாலான நீண்ட கைச் சட்டை, அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை, நீண்ட கால்சட்டை, கையுறை, காதை மூடும் தொப்பி ஆகியவை போதும். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் உலராது.

காலணியைப் பொறுத்தவரை சாதாரண சாலை ஓட்டக் காலணியே ஏற்றது. ஆழமான பற்கள் கொண்ட மலைப்பாதைக் காலணி இந்தத் தளத்தில் தேவையற்ற சுமை. ஒரு சாவி, ஒரு பயண அட்டை, கட்டணக் கழிப்பறைக்குச் சில நாணயங்கள், கைப்பேசி ஆகியவற்றை இடுப்புப் பட்டையில் அடக்கிவிடலாம். தீவில் குடிநீர்க் குழாய்கள் இருப்பதால் ஒரு சுற்றுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. எனினும் கடுங்கோடையில் சிறு புட்டி வைத்துக்கொள்வது நல்லது. உறைபனிக் காலத்தில் குழாய்களை அடைத்துவிடலாம் என்பதால் அப்போதும் தேவைப்படும். இருட்டில் ஓடுபவர்கள் தலையில் கட்டும் சிறுவிளக்கு அணிய வேண்டும். மரங்கள் அடர்ந்த பகுதிகளில் தெருவிளக்கை நம்பிக் கால் வைக்கக் கூடாது.

தீவை அடைதல்

மிக எளிய வழி 4 அல்லது 6ஆம் எண் ட்ராம். மார்கரெட் பாலம் நேராக இல்லாமல் நடுவில் வளைந்திருக்கும். அந்த வளைவிலிருந்து தீவுக்குள் ஒரு கிளைப்பாலம் 1900இல் இணைக்கப்பட்டது. ட்ராம் நிறுத்தம் அங்கேயே இருக்கிறது. இறங்கி வடக்கு நோக்கிச் சரிவில் நடந்தால் தீவின் தென்முனைக்கு வந்துவிடுவீர்கள். 6ஆம் எண் ட்ராம் இரவு முழுவதும் ஓடுவதால் விடியலுக்கு முன் வருபவர்களுக்கும் தடையில்லை. நகரின் வடபகுதியில் தங்கியிருப்பவர்கள் ஆர்பாட் பாலம் வழியாக வடமுனையில் நுழையலாம். சொந்த வாகனத்தைத் தீவுக்குள் ஓட்டிச்செல்வது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பாதை இத்தனை அமைதியாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

தொடங்குமுன்

ட்ராமிலிருந்து இறங்கிக் கிளைப்பாலத்தில் நடக்கும் நிமிடங்களையே உடலைச் சூடேற்றும் பயிற்சியின் முதல் பகுதியாகக் கொள்ளுங்கள். வேகமாக நடங்கள். கீழே இறங்கியதும் கணுக்கால் சுழற்றல், முழங்காலை உயர்த்தி நடத்தல், காலை முன்னும் பின்னும் வீசுதல் என ஐந்து நிமிடம் போதும். தசையை இழுத்துப் பிடித்து நிற்கும் நீட்சிப் பயிற்சிகளை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அங்கே நிற்கும் உயரமான உலோக நினைவுச்சின்னம், 1873இல் புடா, பெஸ்ட், ஓபுடா ஆகிய மூன்று ஊர்களும் ஒன்றானதன் நூற்றாண்டைக் குறிப்பது. அதைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால் சுற்றுக் கணக்கு தவறாது.

எந்தத் திசையில் ஓடுவது?

பலர் யோசிக்காமல் விடும் கேள்வி இது. என் பரிந்துரை, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை: கிழக்குக் கரையில் வடக்கே ஏறி, மேற்குக் கரையில் தெற்கே இறங்குவது. ஆறு எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்.

காரணங்கள் இரண்டு. ஹங்கேரியில் வடமேற்குக் காற்றே மிகுதி. இந்தத் திசையில் ஓடினால் முதல் பாதியில், உடல் உலர்ந்தும் வலுவோடும் இருக்கும்போதே, எதிர்காற்றைச் சந்தித்துவிடுவோம். வியர்த்துக் களைத்த இரண்டாம் பாதியில் காற்று பெரும்பாலும் முதுகுப்பக்கமாக வரும். குளிர்காலத்தில் இதன் அருமை நன்றாகத் தெரியும். அடுத்தது வெயில். கோடைக் காலையில் கதிரவன் கிழக்கில் தாழ்ந்து இருக்கும்போதே கிழக்குக் கரையைக் கடந்துவிட்டால், வெப்பம் ஏறும் நேரத்தில் தீவின் மரங்கள் மேற்குக் கரைக்கு நிழல் தரும். மாலையில் ஓடினாலும் கணக்கு ஒத்துவருகிறது. கிழக்குக் கரை அப்போது நிழலில் இருக்கும். மேற்குக்குத் திரும்புவதற்குள் வெயில் புடா குன்றுகளை நோக்கி இறங்கியிருக்கும்.

ஆனால் காட்சிக்காக மட்டும் வருபவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, கடிகார முள் சுற்றும் திசையே மேல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிழக்குக் கரையில் தெற்கு நோக்கி வரும்போதுதான் மார்கரெட் பாலமும், அதற்கப்பால் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடமும் கண்ணெதிரே வளர்ந்துகொண்டே வரும். ஒருமுறை மட்டுமே ஓட வாய்ப்புள்ள பயணிகள் காற்றையும் வெயிலையும் மறந்துவிட்டு அப்படியே ஓடலாம்.

சுற்று: கரைவாரியாக

தென்முனையிலிருந்து கிழக்குக் கரையில் திரும்பும் முதல் கிலோமீட்டரில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். தளம் மென்மையாகவும் சமமாகவும் இருப்பதால் கால் தானாகவே வேகமெடுக்கும். சுற்றிலும் நல்ல பயிற்சியுள்ளவர்கள் கடந்துசெல்வார்கள். அவர்களோடு ஒட்டி ஓடத் தோன்றும். அருகில் ஒருவர் இருந்தால் முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடியுமா என்பதே இங்கே அளவுகோல். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற நிதானத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 42 நிமிடமும், 7 நிமிட வேகத்தில் 37 நிமிடமும், 6 நிமிட வேகத்தில் 32 நிமிடமும் ஆகும்.

இந்தக் கரையில் வலப்பக்கம் ஆற்றுக்கு அப்பால் பெஸ்டின் அடுக்குமாடி வீடுகள் வரிசையாகத் தொடரும். இடப்பக்கம், தீவின் நடுப்பகுதியை எட்டும்போது, மார்கரெட் வாழ்ந்த டொமினிக்கன் மடத்தின் இடிபாடுகள் மரங்களினூடே இருக்கின்றன. அவரது கல்லறை இருந்த இடமும் அங்கேதான். அவர் 1270இல் இறந்தார். 1943இல்தான் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஓடும்போது நின்று பார்க்க வேண்டாம். திரும்பி நடந்து வரும்போது பார்க்கலாம். அதற்குச் சற்று வடக்கே, 1911இல் கட்டி முடிக்கப்பட்ட 57 மீட்டர் உயர எண்கோண நீர்த்தொட்டிக் கோபுரம் மரங்களுக்கு மேலே தலைகாட்டும். இதைக் கண்டதும் சுற்றின் பாதியை நெருங்குகிறோம் என்று கொள்ளலாம்.

வடமுனையில் தங்கும் விடுதிகள் இருப்பதால் அங்கே மட்டும் வாகன நடமாட்டம் சற்று உண்டு. பேருந்தும் டாக்ஸியும் அந்தப் பக்கம் வரும். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இந்த இடத்திலாவது ஒரு காதைத் திறந்து வையுங்கள். வளைவைக் கடக்கும்போது எதிர்காற்று பலமாக அடிப்பதுண்டு. அப்போது வேகத்தைக் காப்பாற்ற முயலாமல் முயற்சியின் அளவை மட்டும் ஒரே சீராக வைத்து, எட்டுகளைச் சிறிதாக்கிக்கொள்வது சரியான முறை. வளைவின் உட்புறம் ஜப்பானியத் தோட்டமும், இசைக்கும் கிணறு எனப்படும் சிறு மண்டபமும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவில் பேட்டர் போடோர் என்பவர் அமைத்த ஒரு கிணற்று மண்டபத்தின் மறுபதிப்பு அது. 1936இல் இங்கே எழுப்பப்பட்டது.

மேற்குக் கரை கிழக்குக் கரையைப் போலல்ல. எதிரே புடாவின் பசுங்குன்றுகள். இடப்பக்கம் பலட்டினஸ் குளியல் வளாகம். கோடையில் அங்கிருந்து பிள்ளைகளின் கூச்சல் பாதை வரை கேட்கும். பயணிகள் மிகுந்து பாதையைக் குறுக்கே கடப்பதும் இந்தப் பகுதியில்தான், ஆகவே விடுமுறை நாள்களில் வேகத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். இன்னும் தெற்கே வந்தால் ஆல்ஃபிரெட் ஹயோஷ் பெயரிலான நீச்சல் வளாகம். 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் நீச்சலில் இரண்டு போட்டிகளை வென்ற ஹயோஷ் பின்னாளில் கட்டடக்கலைஞரானார். 1930இல் திறக்கப்பட்ட இந்த வளாகத்தை வடிவமைத்தவர் அவரே. நீச்சல் வளாகத்தைத் தாண்டியபின் தொடங்கிய இடம் தொலைவில் இல்லை. வேகம் கூட்ட விரும்பினால் இங்கிருந்து கூட்டலாம்.

பாதை ஒழுங்கு

ஓட்டப்பாதை அகலமானதல்ல. இருவர் இணையாக ஓடினாலே பின்வருபவருக்கு வழி அடைபடும். வலப்பக்கமாக ஓடுங்கள், இடப்பக்கமாகக் கடந்துசெல்லுங்கள். படம் எடுக்கவோ காலணிக் கயிறு கட்டவோ நிற்க வேண்டுமானால் முழுவதுமாகப் பாதையை விட்டு விலகுங்கள். மிதிவண்டிக்கும் குழந்தைத் தள்ளுவண்டிக்கும் உள்ளே தார்ச்சாலை இருக்கிறது. மரவேர்கள் தூக்கிய இடங்களிலும் பூச்சு தேய்ந்த இடங்களிலும் கால் இடறக்கூடும். இலையுதிர்காலத்தில் நனைந்த இலைகள் ரப்பர் தளத்தின்மேல் படிந்தால் வழுக்கும், ஆகையால் வளைவுகளில் குறுகிய எட்டு வையுங்கள். ஆற்றில் நீரோட்டம் கடுமையானது; முகம் கழுவக்கூடப் படிகளில் இறங்க வேண்டாம். ஏதேனும் நேர்ந்தால் அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 104.

புதியவர்களும், பல சுற்று ஓடுபவர்களும்

இதுவரை ஓடிப் பழகாதவர் முதல் நாளே முழுச் சுற்றையும் ஓட முயல வேண்டாம். இரண்டு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாறிமாறிச் செய்து, நீர்த்தொட்டிக் கோபுரம் வரை சென்று, தீவின் குறுக்கே வெட்டி மேற்குக் கரை வழியாக நடந்து திரும்பலாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், இப்படிச் செய்து ஓடும் நிமிடங்களைப் படிப்படியாகக் கூட்டினால் சில வாரங்களில் சுற்று முழுமையடையும். இதயநோய், மூட்டுவலி, நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டும்.

நீண்ட தொலைவுக்குப் பயிற்சி செய்பவர்களுக்கு இந்தச் சுற்று வசதியான அலகு. இரண்டு சுற்று பத்துக் கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். நான்கு சுற்று ஏறத்தாழ அரை மாரத்தான். எட்டுச் சுற்று ஒரு மாரத்தான். ஆனால் ஒவ்வொரு பயிற்சியையும் இந்த மென்தளத்திலேயே செய்துவிட்டு நகரச் சாலைப் பந்தயத்துக்குச் சென்றால், கெண்டைக்கால் அந்தக் கடினத்தைத் தாங்காது. வாரத்தில் ஒரு ஓட்டத்தையாவது தீவின் உள்சாலையில், தார்த்தளத்தின்மேல் ஓடிப் பழகுங்கள். கடிகாரத்தின் ஜிபிஎஸ் அடர்ந்த மரங்களுக்கடியிலும் பாலங்களின் அருகிலும் சற்றுப் பிசகலாம். எனவே தொலைவைவிடச் சுற்று நேரத்தையே ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடித்த பின்

தென்முனைக்கு வந்ததும் சட்டென்று நிற்காமல் நடுப்பாதை வழியாகப் பத்து நிமிடம் வடக்கே நடங்கள். பெரிய நீரூற்றைக் கடந்து போகலாம். கோடையில் அது இசைக்கு ஏற்ப ஆடும். டொமினிக்கன் இடிபாடுகளைப் பார்க்க இதுவே நேரம். கெண்டைக்கால், தொடையின் முன்புறம், பின்புறம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக அரை நிமிட நீட்சி கொடுத்து, தண்ணீர் குடித்து, குளிர்காலமானால் முதல் வேலையாக ஈரச் சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். கையில் துண்டும் நீச்சலுடையும் இருந்தால் பலட்டினஸின் வெந்நீர்க் குளத்தில் கால்களை ஆற்றிக்கொள்ளலாம். அதற்கு உடல் சூடு தணிந்தபின் போவது நல்லது. திரும்பும்போது 26ஆம் எண் பேருந்தை நடுச்சாலையிலேயே பிடித்துவிட்டால் மீண்டும் தென்முனை வரை நடக்கும் வேலையும் மிச்சம்.